தேவிகுளத்தின் ரோசம்மா புன்னூஸ் அம்மையார்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் வருகிறவர்களுக்குக் கோவிந்தாபுரத்தைத் தெரியாமல் இராது. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் நம் மாணவர்களில் பாதிப்பேர் அந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் வருகிறார்கள். அந்த இடத்தில் பெயர்ப்பலகையின் எழுத்து மாறும். பேருந்தின் நிறம் மாறும். மாந்தோப்புகள் மட்டும் மாறுவதில்லை. முதலமடை வரை தேநீர்க் கடைகளில் கேட்கும் தமிழும் மாறுவதில்லை. பழைய கோடு அது. 1956 நவம்பர் முதல் தேதியிலிருந்து அதுவே மொழி எல்லையாகவும் ஆகிவிட்டது. கோட்டுக்கு இப்பால் தங்கிவிட்ட தமிழர் அன்று முதல் ஒரு மாநிலத்தின் சிறுபான்மையினர்.

அதே எல்லை தெற்கே போய் மலைமேல் ஏறுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் தேவிகுளம், மூணாறு. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். எல்லை பிரிந்த நான்கே மாதத்தில் அவர்கள் ஓட்டுப்போட வேண்டி வந்தது. அப்போது அவர்கள் சட்டசபைக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் தமிழரும் அல்லர், கூலிக்காரரும் அல்லர். மலையாளம் பேசும் கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி, சட்டம் படித்தவர், கம்யூனிஸ்டு. அவர்தாம் ரோசம்மா புன்னூஸ் அம்மையார்.

நம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழுகிற கேள்வி ஒன்று உண்டு. நம் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் நமக்காகப் பேச முடியுமா என்பதே அது. முடியும் என்று ஒரு கட்சி, முடியவே முடியாது என்று ஒரு கட்சி, தேநீர் ஆறும் வரை வாதம் நடக்கும். அந்த வாதத்தில் இந்த அம்மையாரின் பெயரை ஒருவரும் எடுத்ததில்லை. இந்தக் கட்டுரை எழுத அதுவே காரணம்.

அம்மையார் 1913 மே 12-ஆம் நாள் காஞ்சிரப்பள்ளியில் பிறந்தார். கரிப்பாப்பறம்பில் என்பது வீட்டுப் பெயர். தந்தை தொம்மன் செறியான், தாயார் அன்னம்மா. திருவாங்கூர் இராஜ்யத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் ஏழைகளாக இருந்தவர்கள் என்று சொல்ல முடியாது. நிலம் இருந்தது; வாணிகம் இருந்தது; பள்ளிக்கூடம் இருந்தது. இல்லாதது சர்க்காரில் பங்கு. சட்டசபையிலும் உத்தியோகங்களிலும் தங்கள் தொகைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று கிறிஸ்தவரும் ஈழவரும் முஸ்லிம்களும் சேர்ந்து 1932 தொடங்கி நடத்திய கிளர்ச்சிக்கு நிவர்த்தனக் கிளர்ச்சி என்று பெயர். 1936-ல் சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக வந்தார். 1938-ல் கிறிஸ்தவர் நடத்திய பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்தபோது, அது திவானின் கைவேலை என்றே அந்தச் சமூகத்தார் நம்பினார்கள். தாம் எண்ணிக்கையில் குறைந்தவர்கள், தம்மை அரசு ஐயத்தோடு பார்க்கிறது என்ற உணர்ச்சி காஞ்சிரப்பள்ளி வீடுகளில் அன்று இருந்திருக்கிறது. ரோசம்மா வளர்ந்த காலம் அதுதான்.

வீட்டிலேயே அவருக்கு ஒரு முன்னோடி இருந்தார். அக்காள் அக்கம்மா செறியான். அந்தப் பெண்மணி பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். 1938 பிப்ரவரியில் திருவாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியதும் வேலையை உதறிவிட்டு அதில் சேர்ந்தார். பொறுப்பாட்சி வேண்டும், அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்லும் மந்திரிகள் வேண்டும் என்பது அந்தக் காங்கிரஸின் கோரிக்கை. தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறைக்குப் போனார்கள். அடுத்த தலைவரை முன்கூட்டியே குறித்துவைத்து விட்டுப் போவது வழக்கம். அந்த வரிசையில் முறை அக்கம்மாவுக்கு வந்தது. 1938 அக்டோபர் 23-ஆம் தேதி, மகாராஜாவின் பிறந்தநாள் விழாச் சமயத்தில், தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனை நோக்கிப் பெருங்கூட்டத்தை அவர் நடத்திச் சென்றார். கதர்த் தொப்பிகள் கடல்போல் தெரிந்த அந்த ஊர்வலத்தின்மேல் சுடும்படி ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி உத்தரவிட்டபோது, முதல் குண்டைத் தாமே ஏற்பதாகச் சொல்லி அக்கம்மா முன்னே வந்து நின்றார் என்பது திருவாங்கூர் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. துப்பாக்கிகள் இறங்கின. சிறைப்பட்ட தலைவர்கள் விடுதலையானார்கள்.

இப்படி ஓர் அக்காளுக்குத் தங்கையாக இருப்பது எளிய காரியம் அன்று. ஊரார் அக்காளின் நிழலிலேயே வைத்துப் பார்ப்பார்கள். ரோசம்மா அந்த நிழலில் நெடுநாள் நிற்கவில்லை. அக்காளோடு இயக்கத்தில் இறங்கினார்; அக்காளோடு கைதானார்; அக்காளோடு சிறையிருந்தார். பெண் பிள்ளை சிறைக்குப் போனால் குடும்ப மானம் போயிற்று என்று எண்ணிய காலம். அதுவும் திருமணமாகாத பெண்கள். இன்று நம் கல்லூரியில் ஓர் அணிவகுப்புக்குப் போவதற்கு வீட்டாருக்குத் தெரியாமல் போகிறோமே, அதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சகோதரிகளின் நெஞ்சுறுதி விளங்கும்.

பிறகு இருவர் வழியும் பிரிந்தது. அக்கம்மா காங்கிரஸிலேயே இருந்து, சுதந்திரத்துக்குப் பின் கட்சி தம்மை ஒதுக்கிவிட்டது என்று மனம் கசந்து வெளியேறினார். அதன்பின் நின்ற தேர்தல்களில் அவர் வெல்லவில்லை. 1982-ல் காலமானார். தங்கை 1946-ல் பி. டி. புன்னூஸ் என்ற கம்யூனிஸ்டுத் தலைவரை மணந்தார். 1948-ல் தாமும் கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினரானார்.

இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1948 என்பது அந்தக் கட்சிக்குப் பதவியும் பவிசும் கிடைத்த ஆண்டு அன்று. கல்கத்தா மாநாட்டுக்குப் பின் தோழர்கள் தலைமறைவாகத் திரிந்த ஆண்டு. பிடிபட்டவர்கள் விசாரணையின்றிச் சிறையில் கிடந்த ஆண்டு. அதே வேளையில் காங்கிரஸோ நாட்டை ஆளும் கட்சி. சுதந்திரப் போரில் சிறைசென்ற ஒருவர், சட்டம் படித்தவர், செல்வாக்குள்ள சமூகத்தைச் சேர்ந்தவர், காங்கிரஸில் இருந்தால் எந்த உயரத்துக்கும் போயிருக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபை கம்யூனிஸத்தைத் தன் பெரும் பகையாகக் கருதிய காலமும் அதுதான். பிறந்த சமூகம் நாட்டில் சிறுபான்மை. புகுந்த கட்சியை அந்தச் சமூகமே வெறுத்தது. ஆக, சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மையாகத் தம்மைத் தாமே ஆக்கிக்கொண்டார் அம்மையார்.

கணவர் புன்னூஸ் 1952-லும் 1957-லும் ஆலப்புழைப் பகுதியிலிருந்து லோக்சபைக்குப் போனவர். மனைவி வேறொரு திசையில் போனார். அந்தத் திசைதான் தேவிகுளம்.

தேவிகுளத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. 1877-ல் பூஞ்ஞாற்றுத் தம்பிரானிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளை மன்றோ என்ற வெள்ளையர் உரிமை பெற்றார். பிறகு அது கண்ணன்தேவன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. காடு அழிந்தது, தேயிலை எழுந்தது. வேலைக்கு ஆள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து வந்தது. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பான். குடும்பம் குடும்பமாக மலையேறுவார்கள். ஒரே வரிசையாகக் கட்டிய லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையல் இடமும் தருவார்கள். விடிந்தால் பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போவார்கள். வேலை இருக்கும் வரை லயத்தில் வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது. மூன்று தலைமுறை அந்த மலையில் பிறந்து மடிந்தும், படுக்கிற இடம் சொந்தமாகாத மக்கள் அவர்கள்.

1954-ல் திருவாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி முதலானோர் தெற்குத் திருவாங்கூரோடு தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடியதையும், அவ்வாண்டு ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து தமிழர் மாண்டதையும் நம் மாணவர் அறிவர். மாநிலங்களைப் பிரிக்க அமைத்த குழு 1955-ல் அறிக்கை தந்தது. தெற்கு வட்டங்கள் நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தோட்டத் தமிழரை அந்தக் குழு வந்துபோகும் கூலிகளாகப் பார்த்தது. நீர்மின்சாரமும் தேயிலையும் ஏலமும் விளையும் மலையை விட்டுக்கொடுக்கத் திருவாங்கூர்க்காரர்களுக்கு மனம் வருமா? மலை எங்கே போகவேண்டும் என்பதே வழக்கானது. மலையில் இருந்தவர்களை எவரும் கேட்கவில்லை.

கேட்டது 1957 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தல்தான்.

தேவிகுளம் அன்று இரட்டை அங்கத்தினர் தொகுதி. ஒரு தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்; அதில் ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்கு. கேரளத்தில் இத்தகைய தொகுதிகள் பன்னிரண்டு இருந்தன. அவற்றில் நம் சித்தூரும் ஒன்று. 1961-ல் இந்த முறையே எடுபட்டுப் போயிற்று. தேவிகுளத்தில் ஓரிடத்தைக் காங்கிரஸின் என். கணபதி பெற்றார். மற்றோர் இடத்தை ரோசம்மா அம்மையார் பெற்றார். ஒரே மக்கள், ஒரே நாளில், நுகத்தடி பூட்டிய காளைகளுக்கும் கதிர் அரிவாளுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் குழப்பம் என்று சிலர் எழுதுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரு கூடையிலும் கொஞ்சம் கொஞ்சம் வைப்பவன் ஏமாந்தவன் ஆகான்.

மாநிலம் முழுவதற்கும் 126 இடங்களில் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 60 கிடைத்தன. அதன் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் ஐவர். ஆக 65. ஏப்ரல் 5-ல் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதல்மந்திரியானார். உலகத்தில் தேர்தல் மூலம் வந்த முதல் கம்யூனிஸ்டு ஆட்சிகளில் ஒன்று என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அந்த மாதமே முதல் சட்டசபை கூடிற்று. சபாநாயகர் தேர்ந்தெடுக்கப்படும் வரை சபையை நடத்தத் தற்காலிகத் தலைவர் ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு நாற்பத்து மூன்று வயது ரோசம்மா அம்மையாருக்குத் தரப்பட்டது. கேரளச் சட்டசபையில் முதன்முதலாகப் பிரமாணம் எடுத்துக்கொண்ட உறுப்பினர் அவர். மற்ற எல்லோரும் அவர் முன்னிலையில் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சபையில் பெண்கள் ஆறே பேர். நூற்றிருபது ஆண்கள் ஒரு பெண்மணியின் முன்னே வரிசையாக வந்து உறுதி சொன்ன காட்சி திருவனந்தபுரத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

இந்த முதலிடச் சிறப்புகளை மட்டும் அடுக்கி அம்மையாரின் வாழ்க்கையை முடித்துவிடுகிற கட்டுரைகள் பல உண்டு. பொது அறிவு வினாவிடைப் புத்தகங்களில் அவர் நிலைத்துவிட்டதும் அதனாலேயே. அவர் பெயரோடு இன்னொரு முதலிடமும் ஒட்டிக்கொண்டது. அதை அவர் விரும்பியிருக்க மாட்டார். கேரளத்தில் நீதிமன்றத் தீர்ப்பால் இடம் இழந்த முதல் சட்டசபை உறுப்பினரும் அவரே.

நடந்தது இதுதான். தேர்தலுக்கு முன் பி. கே. நாயர் என்ற காங்கிரஸ்காரரின் வேட்புமனுவை அதிகாரி தள்ளிவிட்டார். தள்ளியது முறையன்று என்று வழக்கு நடந்தது. 1957 நவம்பரில் தேர்தல் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்று, அம்மையாரின் தேர்தல் செல்லாது என்றது. அம்மையார் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஓர் அதிகாரியின் பேனாப் பிசகு, அவ்வளவே. ஆனால் 65-ல் ஒன்று போயிற்று. மீதியிருந்த 64-லும் சபாநாயகர் ஒருவர். அவர் சாதாரணமாக ஓட்டுப் போடுவதில்லை. இரண்டு மூன்று பேர் காய்ச்சலில் படுத்தால் ஆட்சி ஆட்டம் காணும் நிலை. இடைத்தேர்தலிலும் தோற்றால், மக்கள் ஆட்சியைக் கைவிட்டார்கள் என்று தில்லியில் மணி அடிக்கக் காத்திருந்தவர்கள் பலர்.

1958 மே மாதத்தில் அந்த இடைத்தேர்தல் வந்தது. கேரளத்தின் முதல் இடைத்தேர்தல். இம்முறை வழக்கில் வென்ற பி. கே. நாயரே எதிரே நின்றார். சர்க்காரின் தலைவிதி, எந்தச் சர்க்காரும் திரும்பிப் பார்த்திராத லயத்து மக்களின் கையில் போய் உட்கார்ந்தது.

தேர்தல் வேலைக்குப் பொறுப்பாகக் கட்சி அனுப்பியவர் ஆலப்புழை மாவட்டச் செயலாளர் ஒருவர். வி. எஸ். அச்சுதானந்தன் என்பது அவர் பெயர். பிற்காலத்தில், 2006-ல், கேரளத்தின் முதல்மந்திரியானவரும் 2025-ல் நூற்றொரு வயதில் மறைந்தவரும் அவரே. அவருக்கு முன்னே இருந்த இடர் என்னவென்று எண்ணிப் பாருங்கள். வேட்பாளர் மலையாளி. பொறுப்பாளர் மலையாளி. வாக்காளர் தமிழர். ஈராண்டுக்கு முன்புதான் இந்த மலை எவருடையது என்று இரு மொழியாரும் சண்டை போட்டிருந்தார்கள். மலையாளத்தில் எத்தனை மேடை போட்டாலும் லயத்துக்குள் நுழையாது.

அங்கேதான் பாவலர் வரதராசன் வருகிறார். மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைப்புரம் என்ற ஊர். இசை தெரிந்தவர், பாட்டைத் தாமே கட்டித் தாமே பாடுவார், பொதுவுடைமைக் கட்சிக்காரர். அவர் ஆர்மோனியத்தோடு மலையேறினார். நாட்டுப்புற மெட்டில் எதிர்க்கட்சிச் சின்னத்தைக் கேலி செய்தும் கூலியின் கணக்கைச் சொல்லியும் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். வேலை முடிந்து குளிரில் நடுங்கிக்கொண்டு வரும் பெண்களும் ஆண்களும் நின்று கேட்டார்கள். கீழே விட்டு வந்த ஊரின் மெட்டு அது. அவரோடு சேர்ந்து பாடத் தொடங்கிய இளைய தம்பி ஒருவன் இருந்தான். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன். பின்னாளில் நாடே அறிந்த இளையராஜா அவரே. அந்தத் தேர்தலைப் பற்றி இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். வெற்றிக்குப் பின் மூணாற்றுக்கு வந்த முதல்மந்திரி நம்பூதிரிபாடு, வெற்றியின் பெருமை பாவலரையே சாரும் என்று கூட்டத்தில் பாராட்டியதையும் சொல்லியிருக்கிறார்.

அம்மையார் ஏழாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். முதல் தேர்தலில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த மக்கள், இம்முறை ஒரே இடம்தான் என்றபோது அவரையே தேர்ந்தெடுத்தார்கள். நம்பூதிரிபாட்டின் ஆட்சி பிழைத்தது.

நம் சங்கத்தில் எழும் கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது என்று சொல்லிப் பேனாவை இங்கேயே கீழே வைத்துவிடலாம். பல பேர் அப்படித்தான் வைத்துவிட்டார்கள். ஆனால் இதற்கு மேல் ஐந்து மாதக் கதை இருக்கிறது.

ஆட்சிக்கு வந்த புதிதிலேயே அந்தச் சர்க்கார் ஒரு கொள்கையை அறிவித்திருந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே தகராறு வந்தால் போலீஸ் முதலாளிக்கு அடியாளாகப் போகாது என்பதே அது. தோட்டத்துத் தமிழர் அந்தச் சொல்லை நம்பினார்கள். 1958 அக்டோபரில் கூலி, போனஸ் முதலிய கோரிக்கைகளுக்காக மூணாற்றுத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. நடத்தியது கம்யூனிஸ்டுகளின் தொழிற்சங்கம். காங்கிரஸ் சார்புச் சங்கம் வேலைக்குப் போகச் சொல்லிற்று. இரு சாராருக்கும் மோதல். போலீஸ் வந்தது, சுட்டது. ஹசன் ராவுத்தர் என்பவரும் பாப்பம்மாள் என்ற பெண்ணும் உயிரிழந்தார்கள்.

மே மாதத்தில் எந்த மக்கள் ஓட்டுப்போட்டு எந்த ஆட்சியைக் காப்பாற்றினார்களோ, அந்த ஆட்சியின் போலீஸ் அக்டோபரில் அந்த மக்களைச் சுட்டது. சட்டசபையில் அவர்களுடைய உறுப்பினர் உட்கார்ந்திருந்தது ஆளும் கட்சி வரிசையில். திவானின் துப்பாக்கிக்கு முன்னே அக்காள் நின்ற காட்சியைத் தம் இளமையிலேயே அறிந்த ஒருவருக்கு இது எத்தகைய நெருக்கடியாக இருந்திருக்கும்! அம்மையார் கட்சியை விட்டு விலகவில்லை. விலகியிருக்க வேண்டும் என்பார் உண்டு. இரண்டு மூன்று இடத்தில் தொங்கிய ஆட்சியை அவரே கவிழ்ப்பதா என்று கேட்பாரும் உண்டு. நான் முதல் சாராரின் பக்கம் முழுவதும் சாயவில்லை. ஆயினும் பாப்பம்மாளின் லயத்தில் இருந்தவர்கள் இரண்டாவது வாதத்தை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆட்சி தோட்டத் தொழிலாளிக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. 1957-ல் பிரசவ உதவிச் சட்டம் கொண்டுவந்தது. 1951-லேயே பார்லிமெண்டு நிறைவேற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குக் கேரளத்தில் விதிமுறைகள் வந்தது 1959-ல். லயத்தின் அளவு, குடிநீர், மருத்துவம், பிள்ளைகளை விட்டுச்செல்லும் காப்பகம் இவையெல்லாம் எழுத்தில் ஏறின. கொழுந்து கிள்ளுகிறவர்கள் பெண்கள் ஆகையால் இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் உழுபவனுக்கு நிலம் தரப் போட்ட சட்டத்தில் தோட்டங்களுக்கு விலக்குத் தந்தார்கள். தேயிலை நிலத்தைத் துண்டாக்கினால் உற்பத்தி கெடும், வெளிநாட்டு வருமானம் குறையும் என்பது காரணம். கீழ்நாட்டில் குடியிருப்புக்காரன் தன் குடிசைக்கு உரிமை கேட்க வழி பிறந்தது. மலைமேல் லயத்துக்காரனுக்குப் பிறக்கவில்லை. அவன் ஓட்டு கணக்கில் வந்தது, வீடு வரவில்லை.

1959 ஜூலை 31-ல் தில்லி அந்த ஆட்சியைக் கலைத்தது. கலைக்கக் கிளர்ந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையார். அதாவது அம்மையாரின் சொந்தச் சமூகத்தார். சமூகம் ஒரு பக்கம், அவர் மறு பக்கம். 1960 தேர்தலில் தேவிகுளம் காங்கிரஸ் கைக்குப் போயிற்று.

பின்னர் வந்த ஆண்டுகளை விரைந்து சொல்லிவிடலாம். 1964-ல் கட்சி இரண்டாகப் பிளந்தபோது புன்னூஸ் தம்பதிகள் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியிலேயே நின்றார்கள். இதே பிளவு கே. ஆர். கௌரி அம்மையாரையும் அவர் கணவர் டி. வி. தாமஸையும் வெவ்வேறு கட்சிக்கு அனுப்பிக் குடும்பத்தையே பிரித்தது. அந்தத் துயரம் ரோசம்மா அம்மையாருக்கு நேரவில்லை. கணவர் 1971-ல் மறைந்தார். கட்சியின் மாநிலக் கவுன்சிலிலும் பெண்கள் சங்கத்திலும் அம்மையார் நெடுங்காலம் உழைத்தார். 1987-ல் ஆலப்புழைத் தொகுதியில் நின்று வென்று, எழுபத்து மூன்றாம் வயதில் மறுபடியும் சட்டசபைக்கு வந்தார். மூத்த உறுப்பினர் என்ற முறையில் மீண்டும் தற்காலிகச் சபாநாயகராக அமர்ந்து புதியவர்களுக்குப் பிரமாணம் செய்வித்தார். முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அந்த நாற்காலி. தேவிகுளத்துக்கு அவர் உறுப்பினராகத் திரும்பவில்லை.

தேவிகுளத்துத் தேர்தல் மட்டும் நீதிமன்றத்தை விட்டபாடில்லை. 2021-ல் அங்கே வென்ற ஏ. இராஜா சட்டசபையில் தமிழில் பிரமாணம் எடுத்துக்கொண்டார். 2023-ல் கேரள உயர்நீதிமன்றம் அவருடைய தேர்தல் செல்லாது என்றது. அறுபத்தைந்து ஆண்டுக்கு முன் வேட்புமனு. இப்போது அவர் தனித்தொகுதிக்குரிய சாதியினர்தாமா என்ற கேள்வி. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவர் தேர்தல் செல்லும் என்றது. தமிழ்ப் பிரமாணம் கேட்டு நாம் மகிழ்ந்தோம், மகிழவேண்டியதுதான். ஆனால் லயத்து வீடு எவருடையது என்ற வழக்கு எந்த மொழிப் பிரமாணத்தாலும் இன்னும் முடியவில்லை.

அம்மையார் நூறு வயது நிறைந்த பின், 2013 டிசம்பர் 28-ஆம் நாள், ஓமன் நாட்டுச் சலாலாவில் காலமானார். உடல் திருவல்லாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. பத்திரிகைகள் முதல் பிரமாணத்தையும் முதல் இடைத்தேர்தலையும் நினைவூட்டி எழுதின.

இருபது மாதம் கழிந்து, 2015 செப்டம்பரில், மூணாற்றுக் கடைத்தெருவில் ஆயிரக்கணக்கான கொழுந்து கிள்ளும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டது போனஸ், இருபது சதவீதம். பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. காங்கிரஸ் சங்கம், கம்யூனிஸ்டுச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான் கிடைத்தது. ஒன்பது நாள் சாலையில் இருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் அவர்கள் சார்பாகப் பேசியவர்கள் அவர்களே, பேசியது தமிழில். பத்தாம் நாள் இருபது சதவீதத்தோடு தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.